ஓட்டை விடும் லேசர், பூசி மெழுகும் புகைப்படம்

1999 செப்டம்பர் 21, அதிகாலை 1.47. தைவானின் நடுப்பகுதியை உலுக்கிய சி-சி நிலநடுக்கம் ஏறத்தாழ 2,400 பேரைக் காவுகொண்டது. அதன் அளவு 7.6. அதே சில நொடிகளில் தீவின் மேற்கே ஓடும் தா-ஆன் ஆற்றின் படுகையும் உடைந்தது. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆறு போகும் வழியிலேயே நிலம் கிட்டத்தட்ட 10 மீட்டர் வரை எழும்பி நின்றது. மறிக்கப்பட்ட ஆறு சில ஆண்டுகள் மேட்டின் மீது தடம் தேடி அலைந்தது. மேலே மூடியிருந்த கூழாங்கல் படிவு அரித்துப்போய், அடியிலிருந்த மென்மையான மணற்பாறையும் களிப்பாறையும் வெளிப்பட்ட பிறகு வெட்டு வேகம் பிடித்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கே சுமார் 20 மீட்டர் ஆழத்தில், செங்குத்துச் சுவர்களோடு ஒரு பள்ளத்தாக்கு உருவாகிவிட்டது. மற்ற இடங்களில் இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

வந்த வேகத்திலேயே அது போகவும் போகிறது. மேல்நிலையில் அகன்று பரந்து ஓடும் ஆறு பள்ளத்தாக்கின் வாயில் வந்து மோதித் திரும்பும்போது, பக்கவாட்டில் பாறையைச் சீவிக்கொண்டே கீழ்நோக்கி நகர்கிறது. கிறிஸ்டன் குக், யென்ஸ் டுரோவ்ஸ்கி, நீல்ஸ் ஹோவியஸ் ஆகியோர் 2014-இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் இதை விவரித்தார்கள். பள்ளத்தாக்கில் ஆறு நுழையும் முனை ஆண்டுக்குச் சுமார் 17 மீட்டர் தேய்கிறது. ஏறத்தாழ 50 ஆண்டுகளில் பள்ளத்தாக்கே இருக்காது என்பது அவர்கள் கணிப்பு.

இப்படி ஓர் இடத்தைப் பின்தொடர வேண்டுமானால், ஒவ்வொரு சூறாவளி வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் அதன் உருவத்தை அளந்து வைத்திருக்க வேண்டும். அளப்பதோ எளிதல்ல. சுவர்கள் செங்குத்து; சில இடங்களில் மேற்பகுதி வெளியே துருத்தி நிற்கும். தரையில் ஆளுயரப் பாறைகள், நடுவே ஓடும் கலங்கல் நீர், விளிம்பில் புதர். இங்கே இரண்டு கருவிகள் போயின. ஒன்று, முக்காலியில் நிறுத்தும் லேசர் ஸ்கேனர். மற்றது, கடையில் வாங்கக்கூடிய விலையில் ஒரு சிறு டிரோனும் அதில் கட்டிய கேமராவும். இரண்டின் முடிவுகளையும் குக் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை 2017-இல் 'ஜியோமார்ஃபாலஜி' இதழில் வெளியானது.

இத்தகைய ஒப்பீடுகளை வாசிப்பவர்கள் வழக்கமாகத் தேடுவது ஒரே ஓர் எண்ணை: எது எத்தனை சென்டிமீட்டர் துல்லியம்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரண்டுக்கும் இடையே அதைவிட முக்கியமான ஒரு வேறுபாடு இருக்கிறது. இரண்டும் தவறுகின்றன, தவறும் விதம் வேறு. லேசருக்குத் தெரியாத இடம் தரவில் ஓட்டையாக நிற்கும். புகைப்பட முறைக்குத் தெரியாத இடம் பெரும்பாலும் வழவழப்பான, நம்பும்படியான ஒரு நிலமாகப் பூசி மெழுகப்பட்டு வந்து சேரும். நில அளவையில் முதல் வகைப் பிழையோடு காலம் தள்ளலாம். இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

லேசர் ஸ்கேனர் வேலை செய்யும் விதத்திலிருந்து தொடங்கலாம். கருவி ஓர் ஒளித்துடிப்பை அனுப்புகிறது. அது பாறையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தொலைவு கிடைத்துவிடும். தொலைவை ஒரு சென்டிமீட்டருக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், நேரத்தை ஒரு விநாடியில் சுமார் 1,500 கோடியில் ஒரு பங்குக்கு அளக்க வேண்டும். களப்பணியில் பரவலாகப் பயன்பட்ட ஆஸ்திரிய நாட்டு ரீகல் நிறுவனத்தின் வி.இசட்-400 கருவி, விநாடிக்கு 1,22,000 புள்ளிகள் வரை அளக்கும்; 600 மீட்டர் வரை எட்டும்; துல்லியம் 5 மில்லிமீட்டர் என்கிறது அதன் விவரத்தாள். எடை 10 கிலோவுக்கு அருகில். பேட்டரி, முக்காலி, குறிப்பலகைகள் எல்லாம் சேர்ந்தால் ஆற்றுப்படுகையில் தூக்கி நடக்க இரண்டு மூன்று பேராவது வேண்டும்.

இந்த 5 மில்லிமீட்டர், கருவிக்கு நேரெதிரே நிற்கும் சுவருக்கானது. அதே கருவி தட்டையான தரையைப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விவரத்தாளில் இல்லாத கதை ஒன்று வெளிப்படும். கதிர் போகப்போக விரியும். 100 மீட்டரில் அதன் அகலம் 3 சென்டிமீட்டர், 50 மீட்டரில் ஒன்றரை. முக்காலியின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மீட்டர் தள்ளியிருக்கும் தரையைக் கதிர் 2 பாகைக்கும் குறைந்த கோணத்தில் உரசிக்கொண்டு போகிறது. ஒன்றரைச் சென்டிமீட்டர் வட்டமாக விழ வேண்டிய ஒளிப்பொட்டு அரை மீட்டர் நீளத்துக்கு இழுபட்டுவிடுகிறது. அந்த அரை மீட்டருக்குள் ஒரு கூழாங்கல், ஒரு குழி, கொஞ்சம் மணல் எல்லாம் இருக்கலாம். கருவி தரும் ஒற்றை எண் எதனுடையது? கதிரை 0.04 பாகைப் படிகளில் நகர்த்தினால், அந்தத் தொலைவில் ஒரு வரிசைப் புள்ளிக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விழும். காலடியில் மில்லிமீட்டர் கணக்கில் கொட்டும் புள்ளிகள், அரை நூறு மீட்டர் தாண்டினால் இவ்வளவு அரிதாகிவிடுகின்றன.

அதைவிட மோசம் நிழல். முக்காலியிலிருந்து 30 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் உயரத்தில் ஒரு பாறை கிடக்கிறது. முழங்கால் அளவுதான், யாரும் பொருட்படுத்தாத பாறை. அதன் பின்னால் 15 மீட்டர் நீளத்துக்குக் கருவிக்கு எதுவும் தெரியாது. இப்படி நூற்றுக்கணக்கான பாறைகள் கிடக்கும் படுகையில், ஓரிடத்தில் நின்று எடுத்த தரவைக் கணினியில் விரித்தால் மயில்தோகைபோல் எங்கும் கறுப்பு நிழல்கள் நீண்டிருக்கும். ஆகவே முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம், அதற்கடுத்த இடம் என்று போக வேண்டும். ஒவ்வோர் இடத்தின் புள்ளித்திரளையும் மற்றதோடு பொருத்த வேண்டும். அந்தப் பொருத்தத்தில் புகும் பிழை, கருவியின் பிழையைவிடப் பெரும்பாலும் அதிகம். 5 மில்லிமீட்டர் கருவியை வைத்து 2 சென்டிமீட்டர் வரைபடம் செய்துவிட்டால் குழு திருப்தியோடு வீடு திரும்பலாம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கறுப்பு நிழல்கள் நேர்மையானவை. அங்கே அளவில்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். லேசருக்கும் பொய் சொல்லத் தெரியும் என்பது வேறு விஷயம். பாறையின் ஓரத்தில் கதிரின் பாதி பாறையிலும் மீதி பின்னாலிருக்கும் சுவரிலும் பட்டால், சில கருவிகள் இரண்டுக்கும் நடுவே அந்தரத்தில் ஒரு புள்ளியை வைத்துவிடும். ஆனால் அந்தரத்தில் தொங்கும் புள்ளி கண்ணை உறுத்தும். அடையாளம் கண்டு நீக்கிவிடலாம்.

புகைப்படத்துக்கு வருவோம். படத்திலிருந்து அளவெடுப்பது புதிய யோசனையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரான்சில் லோசதாவும் ஜெர்மனியில் மைடன்பவரும் இதைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அண்மைக்காலம் வரை அதற்கு அளவீடு செய்யப்பட்ட விலையுயர்ந்த கேமராவும், தேர்ந்த நிபுணரும் வேண்டியிருந்தது. அதைக் கவிழ்த்தது கணினிப் பார்வைத் துறை. ஒரே பொருளைப் பல கோணங்களில் எடுத்த படங்களில் பொதுவாகத் தென்படும் புள்ளிகளைத் தானாகக் கண்டுபிடிக்கும் நெறிமுறையை டேவிட் லோ 1999-இல் வெளியிட்டார். இணையத்தில் சிதறிக் கிடந்த சுற்றுலாப் படங்களிலிருந்தே கட்டடங்களின் முப்பரிமாண உருவத்தை எழுப்பலாம் என்று நோவா ஸ்னேவ்லியும் சகாக்களும் 2006-இல் காட்டினார்கள். எந்தக் கேமரா, எங்கே நின்றது, எந்தப் பக்கம் பார்த்தது என்று எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். படங்களைக் கொட்டினால் போதும். கேமராவின் இருப்பிடம், வில்லையின் வளைவு, பொருளின் வடிவம் மூன்றையும் மென்பொருள் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்த்துவிடும்.

புவியியலாளர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்துவித் நகரத்தை ஒட்டிய கான்ஸ்டிடியூஷன் ஹில் கடற்பாறையை மேத்யூ வெஸ்ட்பியும் குழுவினரும் சாதாரணக் கேமராவால் தரையிலிருந்தே படமெடுத்து, லேசர் ஸ்கேனரின் அளவோடு ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. உயர அளவில் டெசிமீட்டர் மட்டத் துல்லியம் கிடைக்கும் என்றார்கள். அதே ஆண்டில் மைக் ஜேம்ஸும் ஸ்டூவர்ட் ராப்சனும் ஒரு கைக்கணக்கு கொடுத்தார்கள்: படமெடுக்கும் தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற நுண்மை எட்டக்கூடியதே. 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் 10 சென்டிமீட்டர். 30 மீட்டரிலிருந்து எடுத்தால் 3. நல்ல கேமராவோடு, கவனமாகச் செய்தால் இதைவிடவும் மேல்.

டிரோன் வந்ததும் இந்த முறைக்கு மேலே நின்று பார்க்கும் வசதி கிடைத்தது. படுகைப் பாறையின் 15 மீட்டர் நிழல் மேலேயிருந்து பார்ப்பவருக்குக் கிடையாது. லேசர் குழு ஒரு நாள் முழுக்க முக்காலியை இடம் மாற்றி அளக்கும் பரப்பை டிரோன் இருபது நிமிடத்தில் சுற்றி வந்துவிடும். செலவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தரமான ஸ்கேனர் பல லட்சங்களில் தொடங்கி ஒரு கோடியைத் தொடும். டிரோனும் மென்பொருளும் அதில் சிறு பங்குதான். வறிய பல்கலைக்கழகங்களும் மாவட்ட அலுவலகங்களும் நிலத்தை முப்பரிமாணத்தில் அளக்கத் தொடங்கியது இதனால்தான். அந்த ஜனநாயகம் சிறிய விஷயமல்ல.

இனி மெழுகல். மேலே நின்று, நேர்கீழே பார்த்து, இணைகோடுகளில் பறந்து எடுத்த படங்களிலிருந்து மென்பொருள் நிலத்தைக் கட்டும்போது ஒரு விசித்திரம் நிகழ்கிறது. எல்லாப் படமும் ஒரே திசையைப் பார்ப்பதால், வில்லையின் வளைவையும் நிலத்தின் வளைவையும் கணக்கால் பிரித்தறிய முடிவதில்லை. வில்லையின் விலகலைக் கொஞ்சம் தவறாக மதிப்பிட்டுவிட்டு, அதை ஈடுகட்ட நிலத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் சமன்பாடுகள் அழகாகப் பொருந்திவிடும். விளைவு: தட்டையான வயல் நடுவில் மெல்லப் புடைத்து, கவிழ்த்த தாம்பாளம் மாதிரி வந்து நிற்கும். ஜேம்ஸும் ராப்சனும் 2014-இல் இதை உருவகப் பரிசோதனைகளால் நிறுவினார்கள். கேமராவைச் சற்றுச் சாய்த்து எடுத்த சில படங்களைக் கூடவே சேர்த்தால், தரையில் இடமளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளே இல்லாவிட்டாலும் இந்தப் பிழை நூறில் ஒரு பங்கு வரை குறையக்கூடும் என்றும் காட்டினார்கள். இவ்வளவு மலிவான மருந்து இருந்தும் நேர்கீழாக மட்டும் பறந்துவிட்டு வருபவர்கள் இன்றும் ஏராளம். டிரோனை ஓட்டும் செயலியில் அதுதான் முதல் தேர்வாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புடைப்பைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பாறை பாறையாகத் தெரியும், புல் புல்லாகத் தெரியும், நிறம்கூட அச்சு அசலாக இருக்கும். ஒவ்வொரு சதுர அடியும் உண்மை; மொத்தம் மட்டும் வளைந்திருக்கும். 10 ஹெக்டேர் கல்குவாரி ஒன்றில் சராசரியாக 5 சென்டிமீட்டர் இப்படிப் புடைத்துவிட்டால், இல்லாத 5,000 கன மீட்டர் கணக்கில் ஏறிவிடும். 10 கன மீட்டர் டிப்பர் லாரியில் அது 500 நடை. உரிமத் தொகையும் அபராதமும் அந்தக் கணக்கை வைத்துத்தான் போடப்படுகின்றன.

மெழுகலின் இன்னொரு வகை, இடைவெளிகளில் நிகழ்வது. ஈர மணல், சுண்ணாம்புப் பாறை, பனி, கடும் நிழல் போன்ற இடங்களில் படத்துக்குப் படம் பொருத்திப் பார்க்க அடையாளமே இருக்காது. புள்ளிகள் கிடைக்காத அந்த இடங்களை மென்பொருள் அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்து நிரப்பிவிடுகிறது. லேசர் தரவையும் கட்டம் கட்டமாக மாற்றும்போது இதே நிரப்பல் நடக்கும் என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் அங்கே மூலப் புள்ளித்திரளுக்குத் திரும்பினால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். படத்திலிருந்து பிறந்த புள்ளித்திரளிலோ பொருத்தும் கட்டத்திலேயே வழவழப்பு ஏறிவிடுகிறது; கூரான பாறை விளிம்பு மழுங்கியிருக்கும், குறுகிய பிளவு ஆழம் குறைந்திருக்கும்.

தா-ஆன் பள்ளத்தாக்கில் இவை எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. டிரோன் முறைக்கும் லேசருக்கும் இடையே குக் கண்ட வேறுபாடு சில பத்துச் சென்டிமீட்டர்கள். மில்லிமீட்டர் விவரத்தாளோடு வளர்ந்தவர்களுக்கு இது தோல்வியாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே வெள்ளத்தில் பாறைச் சுவர் மீட்டர் கணக்கில் பின்வாங்கும் இடம் அது. அங்கே சில பத்துச் சென்டிமீட்டர் பிழையோடு முழுப் பள்ளத்தாக்கும் கிடைப்பது, 2 சென்டிமீட்டர் பிழையோடு பாதிப் பள்ளத்தாக்கு கிடைப்பதைவிட மேல். தண்டவாளத்துக்கு மேலே சரிவில் நிற்கும் பாறை மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நகர்கிறதா என்று பார்ப்பவருக்கு இதே பதில் உதவாது. அவர் எதிர்ச்சரிவில் நிரந்தரத் தளம் கட்டி, அதில் ஸ்கேனரைப் பூட்டித்தான் ஆகவேண்டும். டிரோனைக் கொண்டுபோனால் அதன் பிழையைத்தான் அளந்துவிட்டு வருவார்.

நில அளவை ஆராய்ச்சியின் மையம் இன்று வரைபடம் அல்ல, மாற்றம். இந்த ஆண்டின் நிலத்திலிருந்து சென்ற ஆண்டின் நிலத்தைக் கழித்தால் எங்கே அரித்தது, எங்கே சேர்ந்தது என்று தெரியும். கழிக்கும்போது நிலம் கழிந்துவிடும், பிழைகள் கூடும். ஒவ்வோர் அளவிலும் 5 சென்டிமீட்டர் பிழை என்றால் வித்தியாசத்தில் 7 சென்டிமீட்டர். 95 விழுக்காடு உறுதியோடு மாற்றம் என்று சொல்ல, வித்தியாசம் 14 சென்டிமீட்டரையாவது தாண்ட வேண்டும். இந்தக் கணக்கும் அங்குமிங்குமாகச் சிதறும் பிழைகளுக்குத்தான் செல்லும். தாம்பாளப் புடைப்பு அப்படிச் சிதறுவதல்ல. ஒரே பக்கமாக இழுப்பது. ஓர் ஆண்டு அது நடுவில் புடைத்து, மறு ஆண்டு குழிந்தால், கழித்த வரைபடத்தில் ஒரு வட்டமான அரிப்பு அச்சாகத் தோன்றும். அதற்கு ஒரு புவியியல் காரணம் கண்டுபிடிக்கக் கற்பனை உள்ள ஆய்வாளருக்கு அரை மணி நேரம் போதும்.

கழிக்கும் முறையிலும் ஒரு சிக்கல். மேலிருந்து பார்த்த உயரங்களைக் கழிப்பது வயலுக்குச் சரி. செங்குத்துச் சுவருக்கு ஆகாது. 20 மீட்டர் உயரச் சுவர் பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர் பின்வாங்கினால், உயரக் கணக்கில் அது 20 மீட்டர் சரிவாகத் தெரியும். நியூசிலாந்தின் ரங்கிடிகேய் ஆற்றுப் பள்ளத்தாக்கை லேசரால் அளந்த திமித்ரி லாக், நிக்கோலா புரோது, ஜெரோம் லெரூ ஆகியோர் 2013-இல் இதற்கு வழி சொன்னார்கள்: ஒவ்வோர் இடத்திலும் மேற்பரப்பு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையிலேயே தொலைவை அளப்பது; கூடவே அந்த இடத்தின் சொரசொரப்பை வைத்து நம்பிக்கை எல்லையையும் அங்கங்கே கணக்கிடுவது. இலவச மென்பொருளான கிளவுட்கம்பேரில் சேர்ந்துவிட்டதால் இன்று எல்லோரும் பயன்படுத்தும் முறை இது. பிழைக்கு ஒரே எண்ணைத் தராமல் இடத்துக்கு இடம் வேறு எண் தருவதுதான் இதன் பெரிய நன்மை.

டிரோன் வந்துவிட்டதால் தரையில் நடக்கும் வேலை ஒழிந்தது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். 1802-இல் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே 57 நாள் செலவழித்துச் சங்கிலியால் 12 கிலோமீட்டர் அடிக்கோடு அளந்தது எதற்காக? அதற்குப் பிறகு கட்டிய முக்கோணங்கள் அத்தனையும் அதன் மீது நிற்கவேண்டியிருந்ததால். இன்றைய தரைக்கட்டுப்பாட்டுப் புள்ளிகள் செய்வதும் அதே வேலை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டைகளைச் சரிவெங்கும் ஆணியடித்துப் பதித்து, ஒவ்வொன்றையும் துல்லிய ஜி.பி.எஸ். கருவியால் அளந்து, அந்த எண்களோடு படத்தொகுதியைக் கட்டிப்போட வேண்டும். விளிம்பில் மட்டும் அட்டை வைத்துவிட்டு நடுவைச் சும்மா விட்டால் புடைப்பு நடுவிலேயே குடியேறும். டிரோனிலேயே துல்லிய ஜி.பி.எஸ். பொருத்திக்கொள்வது இந்த வேலையைக் குறைக்கிறது, ஒழிக்கவில்லை. செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே வானமே பாதிதான் தெரியும்போது செயற்கைக்கோள்களும் பாதிதான் கிடைக்கும்.

அறிக்கைகளை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது, கணக்கில் சேர்க்காமல் தனியே ஒதுக்கி வைத்த சோதனைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதைத்தான். எந்தப் புள்ளிகளைக் கொண்டு மாதிரியைக் கட்டினார்களோ அதே புள்ளிகளில் பிழையைக் கணக்கிட்டு 2 சென்டிமீட்டர் என்று எழுதுவது, கேள்வித்தாளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதற்குச் சமம். அத்தகைய அறிக்கையை மூடி வைத்துவிடலாம்.

எங்கே எது என்பதில் சில சங்கதிகளுக்கு வாதமே தேவையில்லை. இந்தியக் கிராமங்களின் குடியிருப்பு நிலங்களை வரைபடமாக்க 2020 ஏப்ரல் 24-இல் தொடங்கிய ஸ்வமித்வா திட்டம் டிரோன் படத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. தட்டையான ஊர், மேலிருந்து தெளிவாகத் தெரியும் கூரை, அடையாளம் நிறைந்த மண். முக்காலியோடு தெருத்தெருவாகப் போயிருந்தால் திட்டம் முடிந்திருக்காது. குகை, சுரங்கம், கோயிலின் உள்மண்டபம் ஆகியவற்றில் லேசருக்குப் போட்டியில்லை. அதற்கு வெளிச்சமே வேண்டாம்.

நீர் இரண்டையும் தோற்கடிக்கும், வேறு வேறு விதமாக. பெரும்பாலான தரை ஸ்கேனர்களின் அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடுகிறது. ஆறு ஓடும் இடம் தரவில் வெறுமையாக இருக்கும். டிரோன் படத்தில் தெளிந்த ஆழமற்ற நீரின் அடி தெரியும், ஆனால் ஒளிவிலகலால் மேலே தூக்கித் தெரியும். ஒரு மீட்டர் ஆழம் சுமார் 75 சென்டிமீட்டராகத் தெரியும். 1.34 என்ற எண்ணால் பெருக்கித் திருத்தும் வழக்கம் உண்டு. நீர் தெளிவாகவும் அலையில்லாமலும் இருந்தால் ஓரளவு பலிக்கும். தா-ஆன் போன்ற கலங்கல் ஆற்றில் படம் காட்டுவது நீரின் மேல்மட்டத்தைத்தான். இங்கேயும் அதே பழைய வேறுபாடு: ஒன்று வெறுமையாக விடுகிறது, மற்றொன்று தவறான அடியைத் தருகிறது.

செடிகொடி விஷயம் தமிழருக்கு நெருக்கமானது. 2014 அக்டோபர் 29 காலை இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் போயின. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில் மேல்சரிவிலிருந்து வந்த சேறும் பாறையும் 70 பேரைக் கொண்டுபோயின. இரண்டு இடத்திலும் மாண்டவர்கள் மிகப் பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். இத்தகைய சரிவு நடந்து முடிந்த பிறகு அளப்பதற்கு டிரோன் போல் வசதி வேறில்லை. வடு வெறும் மண்ணாகக் கிடக்கும்; கால் வைக்க ஆபத்தான இடம்; மேலிருந்து அரை மணியில் படமெடுத்து எத்தனை கன மீட்டர் இறங்கியது என்று சொல்லிவிடலாம்.

சரிவதற்கு முன் நிலைமை வேறு. மேல்சரிவில் விரல்கனத்தில் தோன்றும் விரிசலும், மண் ஓர் அடி உட்கார்ந்த படியும்தான் எச்சரிக்கை. தேயிலைச் சரிவை மேலிருந்து படமெடுத்தால் கிடைப்பது இடுப்புயரத்தில் வெட்டிச் சமன்செய்த இலைப்பரப்பு, மண் அல்ல. செடியின் மேல்மட்டத்தை மென்பொருள் நிலமாக எடுத்துக்கொள்ளும். கொழுந்து கிள்ளியதற்கும் கிள்ளாததற்கும் உள்ள வித்தியாசம்கூட நில நகர்வாகப் பதிவாகலாம். தரை லேசரை எதிர்ச்சரிவில் வைத்தாலும் பயன் குறைவு. கிடையாக வரும் கதிர் செடியின் பக்கவாட்டிலேயே நின்றுவிடும். இதற்கான கருவி மூன்றாவது ஒன்று: டிரோனிலேயே ஏற்றிய லேசர். மேலிருந்து வரும் துடிப்புகளில் சில இலைகளுக்கிடையே புகுந்து மண்ணைத் தொட்டுத் திரும்பும். ஒரே துடிப்பின் முதல் எதிரொலியையும் கடைசி எதிரொலியையும் பிரித்துப் பதிவு செய்யும் வசதி இருப்பதால், கடைசி எதிரொலிகளைச் சலித்தெடுத்து மண்ணைக் கட்டிக்கொள்ளலாம். சில ஆண்டுகளாக இதன் விலை இறங்கி வருகிறது. பறக்கும் மேடை ஆடுவதால் தரை ஸ்கேனரின் மில்லிமீட்டர் கிடைக்காது. சில சென்டிமீட்டரோடு நிற்கும். ஓர் அடி இறங்கிய படியைக் கண்டுபிடிக்க அது போதும். அடர்ந்த தேயிலையில் எத்தனை கதிர் மண்ணைத் தொடும் என்பதுதான் சந்தேகம்.

அந்தக் கருவி கைக்கு வரும்வரை, படமெடுக்கும் டிரோனை வைத்தே ஒன்று செய்யலாம். தேயிலையைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்து வெட்டுவார்கள்; தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அல்ல, மலை மலையாக முறை வைத்து. வெட்டிய மலையில் தண்டும் கவையும்தான் மிஞ்சும். மண் மேலிருந்து தெரியும். வெட்டிய மிலாறுகளை அங்கேயே பரப்பி விடும் வழக்கம் இருப்பதால் உடனே பறந்தால் அந்தப் படுக்கையைத்தான் அளக்க நேரும். அது காய்ந்து படிந்து, புதுத் தளிர் மூடுவதற்குள் இருக்கும் இடைவெளியில் பறக்க வேண்டும். எந்த மலைக்கு எந்த ஆண்டு கவாத்து என்ற கணக்கு ஒவ்வொரு எஸ்டேட் அலுவலகத்திலும் இருக்கிறது. லயன்களுக்கு மேலே உள்ள மலைகளை முதலில் குறித்துக்கொண்டு, அந்தக் கணக்கின்படியே பறக்கும் தேதிகளை வைத்தால், நாலைந்து ஆண்டுச் சுற்றில் தோட்டத்துச் சரிவுகள் அத்தனையும் ஒரு முறையாவது மண்ணோடு பதிவாகிவிடும்.